கைப்பிடி அரிசியும் சந்தா நோட்டும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஸ்தோத்திரப் பண்டிகை மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிரியமான சபையாரே, உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

காலையில் நீங்கள் கொண்டுவந்து படைத்ததெல்லாம் இந்த மேசைமேல் இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டு வாழைத்தார், மண் உதிராத மரவள்ளிக் கிழங்கு, வேலியோரம் பறித்த முருங்கைக்காய்க் கட்டு, ஒரு தட்டு முட்டை. கொஞ்ச நேரத்தில் ஏலம் தொடங்கிவிடும். அதற்குள் காணிக்கையைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி கேட்டார்கள். பேசுகிறேன். ஆனால் இன்னும் அதிகமாகக் கொடுங்கள் என்று கேட்பதற்காக நான் எழுந்து நிற்கவில்லை. அறுபது வருஷமாக என் மனதில் கிடக்கிற ஒன்றைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. இந்த ஊரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா பால் வெட்டுக்குப் போய் எங்கள் நாலு பேரையும் வளர்த்தார். நாள் கூலி. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. ஆண்டுக் கடைசி மழை வந்துவிட்டால் மளிகைக் கடைப் பற்று ஏறிக்கொண்டே போகும். இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாளில் நாங்கள் போன சபை இது இல்லை. பேர் வேண்டாம். மாதச் சந்தா ஒரு வெள்ளி (நம் நாட்டுப் பணம்). அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜன ஞாயிறன்று ஆராதனை நடுவில் நீளமான ஒரு நோட்டைத் திறந்து, சந்தா பாக்கி வைத்தவர்களின் பேரை வாசிப்பார்கள். பேர் வந்தவர்கள் பந்திக்குப் போகக்கூடாது. ஒரு ஞாயிறு அம்மாவின் பேர் வந்தது. மூன்று மாதப் பாக்கி. அம்மா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் மாமரத்தடியில் நின்றார். இராப்போஜனத்துக்கென்றே எடுத்து வைத்திருக்கும் வெள்ளைச் சேலையைத்தான் அன்றும் கட்டியிருந்தார். உள்ளே பாட்டு கேட்டது. அம்மா ஒன்றும் பேசவில்லை. நகக்கண்ணில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர்ப் பாலை, பாட்டு முடியும்வரை, ஒவ்வொரு விரலாகப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது எங்கள் வீட்டு அடுப்படிக்கு வாருங்கள். அங்கே ஒரு பழைய மைலோ டின் இருக்கும். உலைக்கு அரிசி களைவதற்கு முன்னால் அம்மா அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து டின்னில் போடுவார். கைப்பிடி அரிசி என்பது நம் தமிழ்ச் சபைப் பெண்களின் பழைய வழக்கம். அம்மாவின் தாயார் ஊரில் அதை ஞாயிற்றுக்கிழமை சபை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்களாம். இங்கே கொட்ட இடம் இல்லை. அதனால் டின் நிறைந்ததும் அம்மா அதை லயத்துக் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோவார். அங்கே மூன்று பிள்ளைகளோடு ஒரு விதவை இருந்தார். நாங்கள் அவரை அத்தை என்று கூப்பிடுவோம். மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவர், நம் சபைக்காரர் இல்லை. இருட்டின பிறகு, பின்வாசல் வழியாகத்தான் அம்மா போவார். வாங்குகிற மனுஷியின் முகத்தை நாலு பேர் பார்க்கக்கூடாது என்பதற்காக.

அந்த நோட்டில் அம்மா பாக்கிக்காரி. பிள்ளைகள் சோற்றிலிருந்து நாள்தோறும் ஒரு பிடி எடுத்து வைத்தவள், மூன்று வெள்ளிக்காக மாமரத்தடியில் நின்றாள். இது எப்படிச் சரியாகும் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை. பிறகு வாத்தியார் வேலைக்குப் போனேன், வேதத்தை நானாக உட்கார்ந்து வாசித்தேன். வாசித்ததைச் சொல்கிறேன்.

தசமபாகம் என்றதும் சம்பளத்தில் பத்தில் ஒன்று என்று நினைக்கிறோம். மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் எதில் எடுக்கச் சொன்னது? தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு. நிலம் விளைந்ததில் ஒரு பங்கு. எண்ணாகமம் 18-ல் அது ஆலய ஊழியம் செய்த கோத்திரமான லேவியருக்கு, ஏனென்றால் அவர்களுக்கு நிலமே கொடுக்கப்படவில்லை. உபாகமம் 14-ல் இன்னும் அழகாக இருக்கிறது. அந்தத் தசமபாகத்தை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஆண்டவர் சந்நிதிக்குப் போய், சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்கிறது. வழி தூரமானால் விற்றுப் பணமாக முடிந்துகொண்டு போய், அங்கே மனதுக்குப் பிடித்ததை வாங்கிச் சாப்பிடலாம். மூன்றாம் வருஷத்துப் பங்கு உன் ஊரிலேயே இருக்கும். லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைவார்கள். மோசே சொன்ன தசமபாகத்தில் விதவை சாப்பிடுகிறாள். நான் பார்த்த நோட்டில் விதவை வெளியே நிற்கிறாள்.

அப்புறம் மல்கியா தீர்க்கதரிசி. காணிக்கைப் பிரசங்கம் என்றால் மல்கியா 3 இல்லாமல் முடியாது. 'மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா' என்று ஆரம்பித்து, சாபம் என்று பயமுறுத்தி, பைகளை அனுப்புவார்கள். அந்த வசனத்தை முழுவதும் வாசியுங்கள். 'என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி' என்று இருக்கிறது. தசமபாகத்தைக் கொண்டுவரும்படி அதே வசனம் சொல்லும் பண்டசாலை என்பது தானியம் சேர்க்கும் அறை. நெகேமியா 13-ஐப் பார்த்தால், பங்கு வராமல் போனதால் லேவியர் ஆலயத்தை விட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனது தெரியும். சாப்பாடு நின்றுபோன கோபம் அது. சாபத்தைப் பற்றியோ கலாத்தியர் 3:13-ல் பவுல் தெளிவாகச் சொல்லிவிட்டார்: 'கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்திற்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார்.' சிலுவையில் தீர்ந்துபோன சாபத்தை எடுத்து, சம்பளம் பற்றாத ஒரு தாயின் தலையில் மறுபடி வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

பத்தில் ஒன்று எல்லோருக்கும் சமம் என்கிறார்கள். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் பத்தில் ஒன்று 170. மீதி 1,530-ல் வாடகை, மோட்டார் தவணை, பிள்ளைகளின் பஸ் காசு, பால் மாவு. மாதம் 17,000 வாங்குகிறவர் 1,700 கொடுத்தாலும் கையில் 15,300 நிற்கும். முதலாமவருக்கு 170 என்பது பத்து நாள் சமையல். இரண்டாமவர் 1,700 கொடுத்துவிட்டு என் கடமை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்ளலாம். விதி ஒருவரை நசுக்குகிறது, இன்னொருவரைச் சுலபமாக விட்டுவிடுகிறது.

ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு முன்னாலேயே மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தாரே என்று கேட்பீர்கள். கொடுத்தார். போரில் கிடைத்ததில் கொடுத்தார், யாரும் கேட்காமல் கொடுத்தார். அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து முதலில் அவரை ஆசீர்வதித்தவர் மெல்கிசேதேக்கு. கொடுத்தது அதற்குப் பின்னால்.

இந்த முன், பின்தான் முக்கியம். சகேயுவின் வீட்டிலும் இதே வரிசைதான். அவன் வரி வசூலிக்கிற ஆயக்காரன், ஊரைச் சுரண்டினவன். இயேசு அவனிடம் ஒரு காசும் கேட்கவில்லை. இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். ஊரார் முறுமுறுக்கிறார்கள். அவன் எழுந்து நின்று, என் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்கிறான். பாதி! எந்தச் சட்டமும் அவனிடம் பாதி கேட்கவில்லை. அநியாயமாக வாங்கியதைத் தானாக அறிக்கையிட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடு என்பதுதான் எண்ணாகமம் 5. அவன் நாலத்தனை என்றான். தன்னை மனுஷனாக மதித்து ஒருவர் வீட்டுக்குள் வந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவனுக்குக் கணக்கே மறந்துபோகிறது.

பவுல் பணம் சேர்த்த கதையும் இதுதான். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக அவர் சபை சபையாகச் சேர்த்தார். கொரிந்து வசதியான துறைமுகப் பட்டணம். மக்கெதோனியாச் சபைகளோ, பிலிப்பி, தெசலோனிக்கே பக்கம், கொடிய தரித்திரத்தில் இருந்தவை. அந்த ஏழைகள் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பவுலை வருந்திக் கேட்டுக்கொண்டார்கள். வசூலிக்கப் போனவரிடம் கொடுக்கிறவர்கள் கெஞ்சுகிறார்கள்! இதைக் கொரிந்தியருக்கு இரண்டாம் நிருபத்தில் எழுதும்போது, 'இதை நான் கட்டளையாகச் சொல்லாமல்' என்கிறார். பத்தில் ஒன்று என்ற பேச்சே அங்கே இல்லை. அவர் காட்டும் பெரிய காரணம் 8:9: 'நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவின் கிருபையை அறிந்திருக்கிறீர்களே, அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும், நீங்கள் அவருடைய தரித்திரத்தினாலே ஐசுவரியவான்களாகும்படிக்கு, உங்கள்நிமித்தம் தரித்திரரானாரே.'

அந்த 8, 9 ஆகிய இரண்டு அதிகாரங்களில் மூல கிரேக்கத்தில் 'காரிஸ்' என்ற சொல் 10 தடவை வருகிறது. நம் தமிழ் வேதத்தில் அது ஓரிடத்தில் கிருபை, ஓரிடத்தில் தர்மகாரியம், கடைசியில் ஸ்தோத்திரம். தேவன் கொடுத்ததற்கும் அதே சொல், நாம் கொடுப்பதற்கும் அதே சொல், அதற்குச் சொல்லும் நன்றிக்கும் அதே சொல். மேலிருந்து வந்த ஒரே தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதுபோல. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நமக்குப் பழக்கமான கொடுக்கல் வாங்கல் வேறு. கல்யாணத்தில் மொய் எழுதுகிறோம். அவர் நமக்கு 50 வைத்தார், நாம் அவருக்கு 50க்குக் குறையாமல் வைக்க வேண்டும். அது ஒரு நல்ல ஏற்பாடு, பல வீட்டுக் கல்யாணம் அதனால்தான் நடந்தது. பக்கத்து வீட்டில் ஒரு டின் அரிசி வாங்கி, சம்பளநாளில் அதே டின்னால் அளந்து கொடுப்பதைப் பழந்தமிழில் குறியெதிர்ப்பை என்பார்கள். அதுவும் நல்லதுதான். கூட்டு கட்டுவது, அதாவது சீட்டுப் பிடிப்பது, இன்னொரு வகை. 1971-ல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் நம் ஆட்கள் விடவில்லை. எனக்குத் துக்கம் எதுவென்றால், நாம் ஆண்டவரோடும் கூட்டுப் பிடிக்கப் பழகிவிட்டோம். நூறு போட்டால் ஆயிரமாக வரும் என்று மேடையில் வாக்குக் கொடுக்கிறார்கள். கடனில் மூழ்கின குடும்பம், வட்டிக்கு வாங்கி அதைப் போடுகிறது. வராதபோது உன் விசுவாசம் பற்றாது என்று அந்தக் குடும்பத்தின் மேலேயே பழி விழுகிறது. அப்படிப்பட்ட வீடுகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மாற்கு 12-ல் ஏழை விதவை இரண்டு காசு போட்டதைப் பிரசங்கிக்கிறோம். அதற்குச் சற்று முன்னால், 'விதவைகளின் வீடுகளைப் பட்சித்து' வாழ்கிறவர்களைப் பற்றி இயேசு எச்சரித்ததை ஏன் சேர்த்து வாசிப்பதில்லை?

கிருபை என்று விட்டுவிட்டால் யார் கொடுப்பார்கள், போதகர் சம்பளம் யார் தருவது, கூரை ஒழுகுகிறதே என்று நம் கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனால் பிழைப்பு நடக்க வேண்டும் என்று பவுலே சொல்கிறார். போதகரின் பிள்ளைகள் பட்டினி கிடக்க நாம் கிருபையைப் பாடக்கூடாது. ஆனால் கட்டாயப்படுத்தினால்தான் நம் ஜனம் கொடுக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். பல்கலைக்கழக வாசலையே பார்த்திராத தோட்டத் தொழிலாளர்கள் அதற்குக் கொடுத்தார்கள். எந்த நோட்டும் அவர்கள் பேரை வாசித்து வெளியே நிறுத்தவில்லை. தமிழ் அவர்களுக்கு ஏற்கெனவே ஏதோ கொடுத்திருந்தது.

நோட்டே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வாங்குகிற நாம்தான் நோட்டு வைக்க வேண்டும். அந்தத் தர்மப்பணத்தைக் கொண்டுபோவதில் யாரும் குற்றம் சொல்லாதபடி பவுல் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தார் என்று இரண்டாம் கொரிந்தியர் 8:20-ல் பாருங்கள். வந்தது எவ்வளவு, எங்கே போனது என்று மாதாமாதம் சுவரில் ஒட்டுவோம். யார் கொடுக்கவில்லை என்பதை மட்டும் ஒட்ட வேண்டாம்.

இன்றைய ஏலத்திலும் போதகரையும் கமிட்டியையும் கேட்டு ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்று ஒலிபெருக்கியில் சொல்லப்போவதில்லை. ஏலம் முடிந்ததும் மேசையில் பாதி அப்படியே இருக்கும். தேவைப்படுகிறவர்கள் பின்கதவு வழியாக வந்து எடுத்துக்கொண்டு போகலாம், அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். உங்கள் பக்கத்து வீட்டில் அம்மன் கோவிலுக்குப் போகிறவர் இருந்தால் அவருக்கும் எடுத்துப் போங்கள்.

அம்மா 1994-ல் இறந்தார். அதற்குள் லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். அடக்கத்தன்று காலையில் கடைசி வீட்டு அத்தை வந்தார். நன்றாக வயதாகிவிட்டது, பேத்தி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். முந்தானையில் அரிசி முடிந்திருந்தார். அவர்கள் வழக்கத்தில் அது வாய்க்கரிசி. பெட்டி அருகில் வந்து கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நம் வழக்கத்தில் அரிசி போடுவதில்லை என்று அவருக்குத் தெரியும். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார். அலமாரியில் அந்த மைலோ டின் இருந்தது. மூடியைத் திறந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த அரிசியை அதில் கொட்டினார்.