அந்தப் பிறந்த வருஷத்தைப் போட்டது நான்தான்

வணக்கம் மக்களே. இன்றைக்கு எடிட்டிங், இசை எதுவும் கிடையாது, உட்கார்ந்து பேசப்போகிறேன், அவ்வளவுதான்.

போன வீடியோவில் நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்வி: பிள்ளைக்கு எந்த வயதில் இன்ஸ்டாகிராம் கொடுக்கலாம்? கம்பெனி விதிப்படி 13. அந்த 13 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1998இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. 13 வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தையின் தகவலைத் திரட்ட வேண்டுமானால் பெற்றோரிடம் அனுமதி வாங்கு என்றது. அந்தத் தலைவலியே வேண்டாம் என்று கம்பெனிகள் 13ஐ எல்லையாக வைத்துக்கொண்டன. பிள்ளையின் மனப்பக்குவத்தைப் பார்த்து வைத்த வயது இல்லை அது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 ஆக்கிவிட்டார்கள்.

சரி, இப்போது என் கதை. அக்கா மகன் 11 வயதில் கணக்கு வேண்டும் என்று அடம்பிடித்தான். நான்தான் போனை வாங்கி, பிறந்த வருஷத்தைக் கீழே உருட்டி, அவனைப் பெரிய ஆளாக்கிக் கொடுத்தேன். செல்ல மாமா இல்லையா!

அவனுக்கு 15 வயதானபோது ஒரு 'பெண்' அவனிடம் பேச ஆரம்பித்தாள். யாரோ ஒருவன் பெண் பெயரில் வந்திருக்கிறான், அது பிறகுதான் தெரிந்தது. நாலு நாள் இனிக்க இனிக்கப் பேச்சு, பிறகு ஓர் அந்தரங்கப் படம் கேட்க, இவனும் அனுப்பிவிட்டான். பத்து நிமிஷத்தில் பதிலுக்கு வந்தது இவனுடைய ஃபாலோயர்ஸ் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட். பணம் அனுப்பு, இல்லையென்றால் இவர்கள் எல்லோருக்கும் படம் போகும்.

ரெண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை அவன். ஏன்டா என்று கேட்டால், "போனைப் பிடுங்கிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு மாமா" என்கிறான். மிரட்டியவனை விட எங்களுக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறான், எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

இப்படி நடந்தால் பணம் மட்டும் கொடுக்காதீர்கள், ஒரு தடவை கொடுத்தால் திரும்பக் கேட்பான். பதறிப்போய் சாட்டை அழித்துவிடவும் கூடாது. அவன் பெயர், ப்ரொஃபைல் லிங்க், மிரட்டல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு ரிப்போர்ட், அதற்கப்புறம் பிளாக், கையோடு போலீஸில் புகார். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவச சேவை இருக்கிறது, காணாமல்போன குழந்தைகளுக்கான அமெரிக்க அமைப்பு ஒன்று நடத்துவது. ஐயோ, அந்தப் படத்தை அங்கேயும் ஏற்ற வேண்டுமா என்று கூச வேண்டாம். படம் உங்கள் போனை விட்டு நகராது. அதிலிருந்து கைரேகை மாதிரி ஓர் எண் உருவாகும், அது மட்டும் போகும், சேர்ந்திருக்கிற கம்பெனிகள் அந்த எண்ணோடு பொருந்தும் படத்தைத் தேடி நீக்கிவிடும். 18 தாண்டியவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' இதே வேலையைச் செய்கிறது.

இப்போது அந்தப் பிறந்த வருஷத்துக்கு வருகிறேன். 2024இலிருந்து இன்ஸ்டாகிராம் 18க்குக் கீழே இருப்பவர்களின் கணக்கைத் தானாகவே பிரைவேட் ஆக்குகிறது, 16க்குள் என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். பிரைவேட் கணக்கில் வெளியாள் ஃபாலோயர்ஸ் பட்டியலைப் பார்க்க முடியாது, அதாவது மிரட்டியவனை இவனே ஃபாலோயராகச் சேர்க்காதவரை அந்தப் பட்டியல் அவனுக்குக் கிடைத்தே இருக்காது. ஆனால் நான் போட்டுக் கொடுத்த வருஷப்படி அந்த ஆப்புக்கு இவன் வளர்ந்த ஆள்.

அப்புறம் ரெண்டு பேருமாக உட்கார்ந்து அந்தப் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். பாதிப் பேரை அவனுக்கே யாரென்று தெரியவில்லை.

இந்த வீடியோவை ஏற்றுவதற்கு முன்னால் அவனிடம் காட்டினேன். ரெண்டு இடத்தை வெட்டச் சொன்னான், வெட்டிவிட்டேன்.