ஹேரோயிங்னா வெறும் பயம் இல்லைங்க

வணக்கம் மக்களே. 'பயங்கரம்'ங்கிற வார்த்தைய நாம தேய்ச்சே தீத்துட்டோம், பிரியாணி பயங்கரமா இருக்குங்கிறோம், வெயில் பயங்கரம்ங்கிறோம், அதுல பயம் எங்க இருக்கு சொல்லுங்க? அதனால 'ஹேரோயிங்' (harrowing)ங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்குப் பயங்கரமானன்னு டிக்‌ஷனரி பாத்து மனப்பாடம் பண்ணா பாதிதான் புரியும்.

(திரையில்: உழுது போட்ட வயல்)

இந்த வார்த்தை வந்தது 'ஹேரோ' (harrow)ல இருந்து, ஹேரோன்னா முதல்ல ஒரு விவசாயக் கருவி. உழுதப்புறம் மண்ணு கட்டிகட்டியா கிடக்கும்ல, அத உடைக்க இரும்புப் பல்லு வச்ச சட்டத்த மாட்டுக்கோ டிராக்டருக்கோ பின்னாடி கட்டி இழுப்பாங்க, நம்ம பலுகு மாதிரி. அந்தப் பல்லு மண்ண கீறிக்கிட்டே போகுது பாருங்க, அதே மாதிரி மனசக் கீறிட்டுப் போற அனுபவம்தான் ஹேரோயிங். பயமும் இருக்கும், வலியும் இருக்கும், முடிஞ்சப்புறமும் தடம் கிடக்கும்.

2018 ஜூன் 23, தாய்லாந்துல தாம் லுவாங் குகை. கால்பந்து ஆடுற 12 பசங்களும் அவங்க கோச்சும் உள்ள போனாங்க, வெள்ளம் ஏறி திரும்புற வழிய அடைச்சுருச்சு. இருட்டு, சாப்பாடு கிடையாது, பாறையில சொட்டுற தண்ணிதான். அவங்க உயிரோட இருக்காங்கன்னு கண்டுபிடிச்சதே ஜூலை 2ல, கடைசி ஆள் வெளிய வந்தது ஜூலை 10. நடுவுல காப்பாத்தப் போன முன்னாள் கடற்படை வீரர் ஒருத்தர் இறந்தே போனாரு. இதுதான் 'ஹேரோயிங் எக்ஸ்பீரியன்ஸ்'. சுனாமில தப்பிச்சவங்க உக்காந்து நடந்தத சொன்னா அது 'ஹேரோயிங் அக்கவுன்ட்', கேக்குற நமக்கே ஈரக்குலை நடுங்கும்.

ரோலர் கோஸ்டர்ல கத்துனீங்களா? அது 'ஹேர்-ரெய்சிங்', இறங்குனதும் சிரிச்சுட்டு இன்னொரு டிக்கெட் எடுப்பீங்க. பேய்ப்படம் பெரும்பாலும் 'ஸ்கேரி'யோட சரி. ஹேரோயிங்குக்குத் தமிழ்ல 'குலைநடுங்க வைக்கிற', 'நெஞ்ச உலுக்குற' ரெண்டும் ஓரளவு பொருந்தும், எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஏன்னா அதுல துக்கமும் சேந்து வருது.

உச்சரிப்புல 'ஹே' மேல அழுத்தம் குடுங்க. ஹாரர்ங்கிற வார்த்தைக்கும் இதுக்கும் சொந்தம் கிடையாது, சத்தம்தான் கொஞ்சம் ஒத்துப்போகுது.

அப்புறம் ஒண்ணு, சம்பவத்துக்கும் கதைக்கும்தான் இது வரும், பட்ட ஆளுக்கு வராது. பயந்துபோய் 'ஐ ஆம் வெரி ஹேரோயிங்'னு மேனேஜருக்கு மெயில் போட்டுடாதீங்க, நீங்க அவர உழுதுட்டு இருக்கீங்கன்னு அர்த்தம் ஆயிடும்.