நாட்குறிப்பில் கிடந்த சொல்: ஜான் குவின்சி ஆடம்ஸ்

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்காவின் ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒரு சிக்கல் எனக்குப் புலப்பட்டது. அதிபர் என்ற முறையில் அவர் சாதித்தது குறைவு. ஆனால் அவர் எழுதி வைத்தது ஏராளம். 1779 நவம்பரில், தந்தையோடு இரண்டாம் முறையாக ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட 12 வயதுச் சிறுவனாக நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர், ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் அதை விடவில்லை. 51 தொகுதிகள், 14,000 பக்கங்களுக்கு மேல். அந்த நாட்குறிப்பில் அவர் அடக்கி வைத்திருந்த ஒரு சொல், அவர் வாய்க்கு வர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே என் பேச்சின் பொருள்.

அவர் 1767 ஜூலை 11 அன்று மாசசூசெட்ஸின் பிரெயின்ட்ரீ என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜான் ஆடம்ஸ் பின்னாளில் நாட்டின் இரண்டாவது அதிபரானவர். 1775இல், பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரின் தொடக்கத்தில் பங்கர் ஹில் சண்டை நடந்தபோது, தாய் அபிகெயிலின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டருகே இருந்த குன்றின் மேல் நின்று, தொலைவில் சார்ல்ஸ்டவுன் பற்றி எரிவதைப் பார்த்த பிள்ளை அவர். 14 வயதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்ற அமெரிக்கத் தூதருக்குச் செயலாளராகவும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராகவும் உடன் போனார். பிற்காலத்தில் நெதர்லாந்து, பிரஷ்யா, ரஷ்யா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் தாமே தூதராக இருந்தார். 1814 டிசம்பர் 24 அன்று பிரிட்டனோடு போரை முடித்த கென்ட் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட குழுவுக்குத் தலைமை தாங்கினார். இடையில் சில ஆண்டுகள் ஹார்வர்டில் சொல்லாட்சிக் கலைப் பேராசிரியராகவும் இருந்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

1817 முதல் 1825 வரை அதிபர் மன்ரோவின் வெளியுறவு அமைச்சராக இருந்த காலமே அவருடைய ஆட்சித் திறமையின் உச்சம் என்பது என் கருத்து. 1819இல் ஸ்பெயினிடமிருந்து புளோரிடாவைப் பெற்றுத்தந்தார். அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய வல்லரசுகள் தலையிடக் கூடாது என்ற, மன்ரோ கோட்பாடு என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி அவர் சிந்தனை. அதே காலத்தில்தான், 1820இல், மிசௌரியை அடிமைமுறையை அனுமதிக்கும் மாநிலமாகச் சேர்ப்பதா என்ற சர்ச்சை நாட்டைப் பிளந்தது. மார்ச் மாதத்தில் ஒரு நாள், அமைச்சரவைக் கூட்டம் முடிந்து சக அமைச்சரான கால்ஹூனோடு வீடு நோக்கி நடந்து வந்தார். கால்ஹூன் தென்கரோலினாக்காரர். உடலுழைப்பு அடிமைக்குரியது என்றும், அந்த ஏற்பாட்டால்தான் வெள்ளையர்க்குள் சமத்துவம் நிலைக்கிறது என்றும் அவர் விளக்கினார். அந்த நாட்களில் ஆடம்ஸ், அடிமைமுறை இந்த அமெரிக்க ஒன்றியத்தின் மேல் படிந்த பெரிய, அழுக்கான கறை என்ற பொருள்பட நாட்குறிப்பில் எழுதினார். ஒன்றியம் உடைந்தே தீருமானால், உடைய வேண்டியது இந்தக் கேள்வியின் மேல்தான் என்றும் எழுதினார்.

வெளியே சொன்னாரா? இல்லை. சொல்லாதது மட்டுமல்ல, 1814இல் முடிந்த அந்தப் போரின்போது பிரிட்டிஷ் படையோடு சென்றுவிட்ட அடிமைகளுக்காக அவர்களுடைய எசமானர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று பிரிட்டனிடம் வாதாடியவரும் இவரே. அவரைப் போற்றுகிறவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நாம் கடக்க வேண்டியதில்லை.

1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு, அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அமர்த்தும் தேர்வாளர்களின் 99 வாக்குகளும் ஆடம்ஸுக்கு 84 வாக்குகளும் கிடைத்தன. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே 24 மாநிலங்களில் 13இன் ஆதரவோடு ஆடம்ஸ் வென்றார். தமக்கு ஆதரவு திரட்டிய ஹென்றி கிளேயை அவர் வெளியுறவு அமைச்சராக்கியதும், 'ஊழல் பேரம்' என்ற கூக்குரல் எழுந்தது. நான்கு ஆண்டுகளும் அது ஓயவில்லை. சாலைகள், கால்வாய்கள், தேசியப் பல்கலைக்கழகம், வான்நோக்கு நிலையம் என்று அவர் முன்வைத்தவற்றில் பலவற்றைக் காங்கிரஸ் கிடப்பில் போட்டது. வான்நோக்கு நிலையங்களை வானத்துக் கலங்கரை விளக்கங்கள் என்று அவர் அழகாகச் சொன்னது ஏளனத்துக்குத்தான் பயன்பட்டது.

இப்போது அந்தப் பேராசிரியரிடம் வருவோம். 1828 ஜூலை 4 அன்று, செசபீக்–ஒஹையோ கால்வாய்க்கு முதல் மண் வெட்ட அவரை அழைத்திருந்தார்கள். நன்றாகத் தயாரித்த உரையோடு போயிருந்தார். மண்வெட்டியைப் போட்டால், மண்ணுக்கடியில் ஒரு மரக்கட்டையின் அடிவேர் தட்டியது. மூன்று நான்கு முறை ஓங்கிக் குத்தியும் அசையவில்லை. சட்டென்று மேலங்கியைக் கழற்றி எறிந்தார்; மீண்டும் குத்தி, ஒரு மண்வெட்டி நிறைய மண்ணை அள்ளினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. தம் பேச்சின் சொல்லலங்காரம் அத்தனையையும்விட இந்தச் சிறு நிகழ்ச்சியே பார்த்தவர் மனத்தைப் பிடித்தது என்று அன்றைய நாட்குறிப்பில் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தக் கட்டை ஹிக்கரி என்ற கடினமான மரத்தினுடையது என்று சொல்வதுண்டு. 'கிழட்டு ஹிக்கரி' என்பது ஜாக்சனின் பட்டப்பெயர். அந்த ஆண்டு இறுதியில் 178க்கு 83 என்ற கணக்கில் ஆடம்ஸைத் தோற்கடித்தவரும் அந்த ஹிக்கரிதான்.

அதிபராக இருந்தவர் ஊர் திரும்பி ஓய்ந்திருப்பதே மரபு. இவரோ 1830இல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1831 முதல் இறக்கும்வரை 17 ஆண்டுகள் சாதாரண உறுப்பினராக அமர்ந்திருந்தார். அதிபர் பதவிக்குப் பின் அந்தச் சபையில் பணியாற்றியவர் இன்றுவரை அவர் ஒருவரே.

அடிமைமுறையை ஒழிக்கக் கோரும் மனுக்கள் அப்போது மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தன. அவற்றில் பெரும்பகுதி வாக்குரிமையற்ற பெண்கள் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கியவை. 1836 மே மாதத்தில் சபை ஒரு விதி செய்தது: அத்தகைய மனு எதுவாயினும் படிக்கப்படாமல், விவாதிக்கப்படாமல் கிடப்பில் போடப்படும். வாய்ப்பூட்டு விதி என்று அதற்குப் பெயர் வந்தது. ஆடம்ஸ் பேச எழுந்தபோது அவரையும் பேசவிடவில்லை. எனக்கும் வாய்ப்பூட்டா இல்லையா என்று அவர் கேட்டதிலிருந்து எட்டாண்டுப் போர் தொடங்கியது.

அவருடைய உத்திகளில் கொஞ்சம் குறும்பும் உண்டு. 1837 பிப்ரவரியில், அடிமைகளே அனுப்பியதாகத் தோன்றும் ஒரு மனு தம்மிடம் இருப்பதாகவும், அது அந்த விதிக்குள் வருமா என்றும் சபைத் தலைவர் போல்க்கிடம் பணிவாகக் கேட்டார். தென்மாநில உறுப்பினர்கள் கொதித்தெழுந்து கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கூச்சல் உச்சத்தை எட்டிய பிறகுதான், அந்த மனு அடிமைமுறை ஒழிப்பை எதிர்க்கும் மனு என்பதைச் சொன்னார். மறு ஆண்டு, பெண்களுக்கு அரசியல் மனு எதற்கு என்று ஓர் உறுப்பினர் இகழ்ந்தபோது, பெண்களின் மனு உரிமைக்காக நாள்கணக்கில் பேசினார்.

1841இல், 73 வயதில், தங்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற அமிஸ்டாட் கப்பலைக் கைப்பற்றிய ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். நீதிமன்றச் சுவரில் தொங்கிய அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைக் காட்டி, இதைவிட வேறு சட்டம் எனக்குத் தெரியாது என்ற பொருளில் பேசினார். மார்ச் 9 அன்று தீர்ப்பு அவர்களுக்கு விடுதலை அளித்தது. அடுத்த ஆண்டு ஹேவர்ஹில் ஊரார் 46 பேர், ஒன்றியத்தையே கலைக்கக் கோரி அனுப்பிய மனுவை அவர் சபையில் வைத்தார். அதை மறுத்துப் பதிலளிக்க வேண்டும் என்றே கேட்டுக்கொண்டார். ஆனாலும் கண்டனத் தீர்மானம் வந்தது. அவர் முதலில் செய்தது, அதே பிரகடனத்தின் தொடக்கப் பகுதியைச் சபை எழுத்தரைக் கொண்டு படிக்கச் செய்ததுதான். 1820இல் கால்ஹூனிடம் சொல்லாமல் நாட்குறிப்பில் அடக்கிய கேள்வி, 22 ஆண்டுகள் கழித்து இப்படி நடு அவைக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் அவர் தற்காப்புக்குப் பேசிய பின் தீர்மானத்தை எதிரிகளே கைவிட நேர்ந்தது. 1844 டிசம்பர் 3 அன்று, 108க்கு 80 என்ற வாக்குகளில் வாய்ப்பூட்டு விதியும் நீங்கியது.

1848 பிப்ரவரி 21 அன்று, மெக்சிகோ போரின் தளபதிகளைப் பாராட்டும் தீர்மானம் சபைக்கு வந்தபோது, அந்தப் போரைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்துவந்த ஆடம்ஸ் 'இல்லை' என்று வாக்களித்தார். சற்று நேரத்தில் தம் இருக்கையிலேயே சாய்ந்தார். அவரை ஒரு சோபாவில் கிடத்தி, பக்கத்திலிருந்த சபைத் தலைவரின் அறைக்குத் தூக்கிச் சென்றார்கள். 23ஆம் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது. அந்த அறை இன்று காங்கிரஸின் பெண் உறுப்பினர்களுக்குரிய வாசிப்பறையாக இருக்கிறது. அவர் கிடந்த சோபா இன்னும் அங்கேதான் உள்ளது.