எந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ், பாட்டி?

அவையோருக்கு வணக்கம். வீட்டுப் பெரியவர்களின் பழைய கிறிஸ்துமஸ் நினைவுகளையும் படங்களையும் ஆண்டோடு சேகரித்து வைப்பது எப்படி என்று சொல்கிறேன்.

வீட்டுப் பெரியவர்களிடம் "அந்தக் காலத்துல கிறிஸ்துமஸ் எப்படிக் கொண்டாடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தே நொடியில் பதில் முடிந்துவிடும்: "எல்லாரும் வருவாங்க, கோயிலுக்குப் போவோம், ஒண்ணா சாப்பிடுவோம்." இது மறதியல்ல. வருஷா வருஷம் ஒரே மாதிரி நடப்பதை மனம் தனித்தனியாக வைத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் ஒரே கிறிஸ்துமஸாகக் குழைத்துவிடும். வழக்கம் பிசகிய வருஷம்தான் தனியே நிற்கும். அதைத் தேடிக் கேளுங்கள். "பாட்டி, யார் வராமப்போன கிறிஸ்துமஸ் அது? அப்ப எந்த வீட்டுல இருந்தீங்க? சித்தப்பா பிறந்தாச்சா?" இவற்றில் ஒன்று பிடிபட்டாலே இரண்டு மூன்று வருஷங்களுக்குள் வந்துவிடலாம்.

அதற்குமேல் நாள்காட்டி உதவும். "பண்டிகைக்கு மறுநாள் ஞாயிறு, மறுபடியும் கோயிலுக்குப் போனோம்" என்றால் டிசம்பர் 25 சனிக்கிழமையாக இருந்திருக்க வேண்டும்: 1965, 1971, 1976 போன்ற ஆண்டுகள். நிலவை நம்பிக் கணக்குப் போடுவதில்தான் கவனம் தேவை. கிறிஸ்துமஸ் நாளிலேயே பௌர்ணமி வருவது அபூர்வம், 1977இல் அப்படி வந்தது. ஆனால் முக்கால் நிலவுகூட நினைவில் தானாகவே வளர்ந்து முழுநிலவாகிவிடும். அதை மட்டும் வைத்து ஆண்டை முடிவு செய்யாதீர்கள்.

பேச்சைப் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துணியின் மேல், பேசுபவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் போதும். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள், மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நல்ல செய்தி பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். தாத்தாவையும் பாட்டியையும் முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் திருத்த, மற்றவர் அடங்கிவிடுவார். சமையல் அளவு "ஒரு கைப்பிடி" என்றால் அவர் கையாலேயே அள்ளச் சொல்லித் தராசில் போட்டுக் கிராமில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பிடி வேறு.

இனிப் படங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசை தடவிய அட்டையில் படத்தை ஒட்டும் பழைய ஆல்பங்கள்தான் பெரிய எதிரி. அந்தப் பசை நாளடைவில் படத்தைக் கறையாக்கும், பிரிக்கவும் விடாது. முதலில் பக்கத்தை அப்படியே ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்தின் மூலைக்கடியில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக நகர்த்துங்கள். இடையில் சிக்கினால் விட்டுவிடுங்கள். இழுத்தால் முகம் கிழியும். ஸ்கேன் செய்வதற்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வையுங்கள்.

படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தடித்துத் தெரியும். மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதலாம். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அப்போது உறையில் எழுதிப் படத்தை உள்ளே வையுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர்கள், ஊகித்த ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, கடைசியில் படத்தை எடுத்தவர் பெயர். அவர்தான் எந்தக் கிறிஸ்துமஸ் படத்திலும் இருக்க மாட்டார்.