எழுதவும் தெரிந்த உலாவி

நேயர்களுக்கு வணக்கம். தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் என் பாட்டிக்கு மலையாளம் வாசிக்க வரும். பஸ் பாலக்காட்டுக்கா, வேலந்தாவளத்துக்கா என்று பலகையைத் தூரத்திலேயே படித்துச் சொல்லிவிடுவார். கையில் பென்சிலைக் கொடுத்தால் மட்டும், "ஓர் எழுத்துகூட வராது" என்று சிரிப்பார். எழுதுவது தமிழில்தான். எல்லையோரத்தில் இது சாதாரணம். இணைய உலாவியின் கதை இதற்கு நேர் எதிர்: பிறக்கும்போதே எழுதத் தெரிந்திருந்தது, வளர வளர மறந்துவிட்டது.

1990 கடைசியில், ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், இணையப் பக்கங்களை இணைக்கும் 'வலை'யை (வெப்) கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியை உருவாக்கினார். படிக்கும் பக்கத்தை அங்கேயே திருத்தலாம். ஒரு சொல்லைத் தேர்ந்து அதிலிருந்து வேறு பக்கத்துக்கு இணைப்பும் போடலாம். ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தகம். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற விலை உயர்ந்த கணினியில் மட்டுமே ஓடியது. அந்தக் கணினி எத்தனை பேரிடம் இருக்கும்?

அங்கே பயிற்சிக்கு வந்திருந்த கணித மாணவி நிக்கோலா பெல்லோ, ஏறக்குறைய எந்தக் கணினியிலும் ஓடக்கூடிய எளிய உலாவி ஒன்றை எழுதினார். மௌஸ் வேண்டாம், படம் கிடையாது. ஒவ்வோர் இணைப்புக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதைத் தட்டி எண்டரை அழுத்தினால் அடுத்த பக்கம். 1991-இல் வலையை வெளியூர்களுக்குக் கொண்டுபோனது இதுதான். இதில் எழுத முடியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சிறு உலாவி இல்லையென்றால் வலை செர்னைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

பின்னால் வந்தவர்களிடம் எழுதும் வசதியையும் சேருங்கள் என்று பெர்னர்ஸ்-லீ கேட்டுப் பார்த்தார். அவர்களுக்கோ பக்கத்தை அழகாகக் காட்டுவதில்தான் ஆசை. 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் உருவாக்கிய மொசைக், எழுத்துக்கு நடுவிலேயே படத்தைக் காட்டியது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1994-இல் நெட்ஸ்கேப், 1995-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ப்ளோரர் என்று புதிய உலாவிகள் வந்தன. அந்தப் போட்டியை நீங்கள் அறிவீர்கள்.

அந்த 1995 ஆகஸ்ட் 15-இல்தான் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறந்தது. எழுத்து மட்டுமே வரும் மலிவான இணையக் கணக்கு வாங்கியவர்களுக்கு மொசைக்கின் படங்கள் எட்டவில்லை. நான் முதலில் பார்த்ததும் கறுப்புத் திரையில் லிங்ஸ் என்ற உலாவி காட்டிய வெறும் எழுத்தைத்தான். எனக்கு அதுவே அதிசயம்.

1996-இல் நெட்ஸ்கேப்பின் கோல்டு பதிப்பு பக்கம் எழுதும் வசதியைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அதற்குத் தனிச் சன்னல் திறக்க வேண்டும். வாசிக்கும் திண்ணை ஒன்று, எழுதும் அறை இன்னொன்று என்று அதற்குள் வீடே இரண்டாகியிருந்தது.