மெயினை அணைத்த மருமகன்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசிச் சனிக்கிழமை, உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே வடகடல் என்று நாங்கள் சொல்கிற பாக் நீரிணைக் கரையில் நடந்த இசை விழாவுக்குப் போயிருந்தேன். விழா நடந்தது என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். மொத்தம் ஒரு மணி ஐந்து நிமிடம். அதிலும் இருபது நிமிடம் பொன்னாடைக்குப் போய்விட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஐந்து திரி, ஒரே தீக்குச்சி. ஐந்தும் பற்றிக்கொண்டு அசையாமல் நின்றன. நல்ல சகுனம் என்று மேடையிலிருந்தவர் மைக்கில் சொன்னார், கைதட்டினோம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். கரைவலை இழுத்துக் காய்த்த கை. அவர் மட்டும் தட்டவில்லை. என்னைப் பார்த்து, "வாத்தியாரே, கடக்கரையில ஒரே குச்சியில விளக்குப் பத்துச்சுன்னா என்ன அர்த்தம்? காத்து விழுந்துருச்சு. இப்படி விழுந்துச்சுன்னா கொஞ்ச நேரத்துல வேற பக்கமிருந்து எந்திரிக்கும்" என்றார்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன் நான். நிலக்காற்று, கடற்காற்று என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். விளக்குத் திரியைப் பார்த்து வானிலை சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

தேதி குறித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். விழாக்குழுவினர் காலண்டரை எடுத்து, தீபாவளியை ஒட்டி, ராமேஸ்வரத்துக்கு வெளியூர்க் கூட்டம் வருகிற ஒரு வாரக் கடைசியாகப் பார்த்துக் குறித்தார்கள். கூட்டத்தைப் பார்த்தவர்கள் காற்றைப் பார்க்கவில்லை. நம் மாவட்டத்துக்கு ஒரு வருடத்தில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டும். அந்த மூன்று மாதம் வடகடல் கொந்தளிக்கும், தென்கடலான மன்னார் வளைகுடா கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில் இது அப்படியே தலைகீழ். ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்து மீனவர்கள் இதைப் பார்த்துத்தான் வள்ளத்தை இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு மாற்றுவார்கள். மண்டபத்தில் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு நடந்தே போய்விடலாம். அவ்வளவு ஒடுங்கிய நிலம். மேடையைத் தென்கடல் பக்கம் போட்டிருந்தால் மழையிலிருந்து தப்பித்திருக்க மாட்டோம்தான், ஆனால் காற்றாவது முகத்தில் அறையாமல் முதுகில் அடித்திருக்கும்.

நம் ஊர்த் திருவிழாக்களைப் பாருங்கள். ராமநாதசுவாமி கோயில் திருக்கல்யாணம் ஆடியில். காற்று அடிக்கும், மணல் பறக்கும், மழை அநேகமாக இருக்காது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பெரும்பாலும் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில், கடல் தணிந்த பிறகு. ஓரியூர் பாதிரியார் அருளானந்தர் நாள் பிப்ரவரி 4. அது 1693-இல் அவர் தலை வெட்டப்பட்ட நாள், யாரும் மழையைப் பார்த்துக் குறித்ததில்லை. இருந்தாலும் மழை ஓய்ந்த நாளாகவே அமைந்துபோனது. ஏர்வாடி சந்தனக்கூடு பிறைக் கணக்கில் நகர்வதால் எல்லா மாதத்துக்கும் ஒரு முறை வந்துபோகும், மழைக்காலத்தில் மாட்டுகிற வருடங்களும் உண்டு. அந்த வருடங்களில் அங்கே என்ன செய்ய வேண்டும் என்று மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். புதிதாக விழா எடுப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சரி, கச்சேரிக்கு வருவோம்.

முதலில் நாதஸ்வரம். நன்றாக இருந்தது என்று ஒரு வரியில் சொல்லிப் போக மனம் வரவில்லை. அலைச் சத்தம் அடங்கிக் கிடந்த அந்த அரை மணி நேரம், சவுக்குத்தோப்பின் மேலே வாத்தியம் ஏறி நின்ற விதத்தில், சுவர் வைத்த சபாக்களில் ஏன் இதை வாசிக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியம் அது. மேடைக்குப் பின்னால் பறைக்குழுத் தம்பிகள் பனையோலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் கீபோர்டு, டிரம்ஸோடு மதுரையிலிருந்து வந்த மெல்லிசைக் குழு.

வடகிழக்கில் மின்னியது. வாத்தியார் புத்தி, எண்ணினேன். ஒன்பது வினாடி கழித்து இடி. வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடுகிற சத்தம், அப்படியானால் மூன்று கிலோமீட்டர். அடுத்தது நான்கு வினாடி. ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு மின்னலுக்குள் மேகம் பாதி தூரத்துக்கு மேல் வந்துவிட்டது. பெரியவர் அதற்குள் நாற்காலியை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார். குளிர்ந்த காற்று ஒரு வீச்சு வீசியது. குத்துவிளக்கின் ஐந்து திரியும் ஒன்றாக அணைந்தன.

அப்புறம் மழை.

மேலிருந்து கீழே விழுகிற மழை என்று நினைக்காதீர்கள். கடல் பக்கமிருந்து படுக்கையாக வந்தது. சாமியானாத் துணி ஒவ்வொரு கட்டமாகத் தண்ணீரைத் தேக்கிப் பானை வயிறு மாதிரி தொங்கியது. பந்தல்காரப் பையன்கள் சவுக்குக் கம்பை எடுத்து அடியிலிருந்து முட்டினால், தண்ணீர் அப்படியே சரிந்து பக்கத்து வரிசைக்காரர்கள் தலையில் குடம் குடமாகக் கொட்டியது. யார் தலையில் கொட்டும் என்பது பையன்கள் கையில். முன்வரிசை சோபாக்களின் பக்கம் ஒரு தடவைகூடச் சரியவில்லை என்பதையும் கவனித்தேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து முக்காடாகப் போட்டுக்கொண்டு ஓடினார்கள் பெண்கள். நான்கைந்து பேர் வரவேற்பு பிளக்ஸை அவிழ்த்து, ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து அடியில் புகுந்துகொண்டோம். அன்றைக்கு மேடையில் பேசாமல் எங்களுக்கு உதவியவர்கள் அந்தப் படத்தில் கைகூப்பி நின்றவர்கள்தான்.

கொஞ்சம் பேர் சவுக்குத்தோப்புக்குள் ஓடினார்கள். பெரியவர் அடித்தொண்டையில் கத்தினார்: "மரத்தடிக்குப் போகாதீங்கப்பா! வெளியே வாங்க!" இடி இறங்கும்போது உயரமான மரத்தடி மிக மோசமான இடம். இதை நான் பாடத்தில் நடத்தியிருக்கிறேன், ஆனால் கத்தத் தோன்றியது அவருக்குத்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது அவருக்கு எட்டு வயதாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி என் மருமகன் கதை. அக்கா மகன். மைக் செட் வைத்திருக்கிறான். அவன் அப்பா, என் மச்சான், குழாய் ஸ்பீக்கரும் இசைத்தட்டுமாகக் கல்யாண வீடுகளுக்கு அலைந்தவர். இவன் மிக்சர், பெரிய பாக்ஸ், சொந்த ஜெனரேட்டர் என்று வளர்ந்துவிட்டான். அன்றைக்கு ஒலி, ஒளி இரண்டும் அவன் பொறுப்பு.

கடற்கரையில் எர்த் போடுவது தனி வித்தை. மேல் மணல் காய்ந்து கிடந்தால் மின்சாரம் மண்ணில் இறங்காது. அதனால் கம்பியை ஆழமாக அடித்து, குடத்தில் உப்புத்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான். இந்தப் பக்கம் கேபிள் ஜாயின்ட் ஒவ்வொன்றையும் மணலில் படாமல் செங்கல் மேல் தூக்கி வைத்து டேப் சுற்றியிருப்பான். உப்புத்தண்ணீர் எர்த் குழியில் இருந்தால் காப்பாற்றும், ஜாயின்டில் ஏறினால் ஆளைக் கொல்லும் என்பது அவன் அடிக்கடி சொல்வது.

மழை படுக்கையாக வந்ததும் செங்கலாவது டேப்பாவது. மேடைத் தகரத்துக்கு அடியிலும் சாரல் அடித்து, மைக் ஸ்டாண்டில் தண்ணீர் வழிந்தது. மெல்லிசைக் குழுப் பாடகர், பாவம், உற்சாகத்தில் இருந்தார். "மழையும் நம்மோடு சேர்ந்து பாடுகிறது" என்று சொல்லிக்கொண்டே மைக்கைத் தொட்டவர், சுள்ளென்று கையை உதறினார். லேசான அடிதான். அவரே சிரித்துவிட்டார்.

மருமகன் சிரிக்கவில்லை. நேராக ஜெனரேட்டருக்குப் போய் மெயினைக் கீழே இறக்கிவிட்டான். பாட்டு, விளக்கு எல்லாம் போச்சு. இருட்டில் மழைச் சத்தம் மட்டும்.

விழாக்குழுவைச் சேர்ந்த ஒருவர் செல்போன் வெளிச்சத்தில் அவனைத் தேடி வந்தார். "யாரைக் கேட்டு அணைச்சே? சிறப்பு விருந்தினர் இன்னும் பேசலை. பத்து நிமிஷம் ஓட்டுப்பா, மழை விட்டுரும்." இவன் மிக்சரைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டே, "முடியாதுண்ணே" என்றான். அவர் குரலை ஏற்றினார். பணம் தர மாட்டோம் என்றார். இவன் மறுபடியும், "முடியாதுண்ணே." அவ்வளவுதான். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்கிறேன். மாமன் என்கிற முறையில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஒரு குறைதான்.

பாம்பன் ரயில் பாலத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது, நேயர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்வது 1914-இல் திறந்த பழைய பாலம். 2025 ஏப்ரலிலிருந்து ரயில் புதுப் பாலத்தில் போகிறது. பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கிற கருவி வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போய்விடும், ரயில் நின்றுவிடும். வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்தக் கருவி கேட்காது. கடற்கரையில் நூற்றுக்கணக்கான பேரை உட்கார வைக்கிற விழாவில், நிறுத்து என்று சொல்ல யாருக்கு அதிகாரம் என்று யாரும் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. கடைசியில் அது முப்பத்தைந்து வயதுப் பையன் ஒருவன் தலையில் விழுந்தது, அதுவும் அவன் கூலியைப் பணயம் வைத்து.

விழாக்குழு சொன்ன இன்னொரு சமாதானம், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றவில்லையே என்பது. கூண்டு கடலில் உருவாகிற புயல் சின்னத்துக்கானது, கப்பலுக்கும் படகுக்கும் சொல்கிற சேதி. நம் தலைக்கு மேல் ஒன்றுகூடிக் கொட்டித் தீர்க்கிற மேகத்தை அது சொல்லாது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அன்றைக்கு எந்தப் புயலும் கரையைக் கடக்கவில்லை. மேலடுக்குச் சுழற்சிதான்.

முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. ரோட்டோர டீக்கடைத் தாழ்வாரத்தில் கலைஞர்கள் ஒதுங்கி நின்றார்கள். பறைக்காரத் தம்பி ஒருவன் விரலால் தோலைத் தட்டிக் காட்டினான். நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி, தொப்பு தொப்பென்று கேட்டது. டீக்கடை அடுப்பில் காய்ச்சிப் பார்த்தான், தோல் முறுக்கேறவில்லை. நாதஸ்வரக்காரர் எதற்கும் கவலைப்படாமல் டீ குடித்தார். நனைந்துவிட்டதா என்று சீவாளியைக் காட்டிக் கேட்டேன். "இதை வாயில வச்சு நனைச்சுத்தானே வாசிக்கிறோம்? ஈரம் ஒண்ணும் பண்ணாது. மணல் ஒட்டுனாத்தான் போச்சு" என்று வேட்டி நுனியால் துடைத்து டப்பாவில் போட்டார். மானாமதுரைக் கடம் கொண்டுவந்திருந்தால் அதுவும் கவலைப்பட்டிருக்காது, சூளையில் வெந்த மண்ணுக்குச் சாரல் எம்மாத்திரம். அன்றைக்குக் கடக்காரர் யாரும் வரவில்லை. மறுபடி வாசிக்கலாமா என்ற பேச்சு எழுந்தது, ஆனால் கூட்டம் பஸ் ஏறிவிட்டது. எல்லோருக்கும் வீடு போய்த் தலை துவட்ட வேண்டும் என்பதுதான் நினைப்பு. எனக்கும்.

மறுநாள் மருமகன் வீட்டு மொட்டைமாடியில் பாக்ஸ் எல்லாவற்றையும் திறந்து வெயிலில் வைத்திருந்தான். ஸ்பீக்கர் காகிதக் கூம்பு இரண்டு கிழிந்திருந்தது. ஜாயின்ட் ஒவ்வொன்றையும் அவிழ்த்து, உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தான். பணம் பாதிதான் வந்தது. மீதியைப் பற்றி நானும் இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தேன், அந்த ராத்திரி வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு ஈடாக.

அடுத்த வருடம் குழுவினர் மறுபடி தேதி குறிக்க என்னையும் கூப்பிட்டார்கள். நான் அந்தப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு போனேன். காலண்டரை அவர் பக்கம் நகர்த்தினார்கள். அவர் அதைத் தொடவில்லை. "கச்சத்தீவுக்குப் போயிட்டு வந்துர்றோம். அதுக்கு மேல எந்த நாளா இருந்தாலும் வைங்க" என்றார். பங்குனியில் வைத்தார்கள். வியர்த்துக் கொட்டியது, பறை மட்டும் கணீரென்று பேசியது.

மருமகன் அந்த விழாவுக்கும் மைக் செட் போட்டான். முன்பணம் வாங்கியதும் ரசீதில் ஒரு முத்திரை குத்திக் கொடுத்தான். ராமநாதபுரத்தில் சொல்லிச் செய்த ரப்பர் முத்திரை, ஊதா மை. "மழை, இடி வந்தால் மெயினை நிறுத்துவது எங்கள் முடிவு. வாடகையில் பிடித்தம் கிடையாது." பங்குனியில் இது எதற்கடா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் மாமா" என்றான்.

நன்றி, வணக்கம்.