சாஃப்ட்பால் ஸ்விங்: பால் பட்டதுக்கு அப்புறம் கை எங்க இருக்கணும்?

வணக்கம். சாஃப்ட்பால் பேட்டிங் சொல்லிக் குடுக்கும்போது அடிக்கடி வர்ற கேள்வி இது, "பால்தான் பட்டு போயிடுச்சே, அதுக்கப்புறம் கை எங்க போனா என்ன?" நியாயமான கேள்விதான். பாலும் பேட்டும் ஒட்டி இருக்குறதே சுமார் ஒரு மில்லிசெகண்ட், நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு, அதுக்கப்புறம் நீங்க என்ன பண்ணாலும் அந்த பாலை ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா ஃபாலோ த்ரூல, அதாவது பால் பட்டதுக்கு அப்புறம் ஸ்விங் தொடர்ற பகுதியில, கை போற வழியைப் பாத்தா, பால் படுறதுக்கு முன்னாடி கை என்ன பண்ணிட்டு வந்துச்சுன்னு தெரிஞ்சிடும். அதனாலதான் நான் யாரோட ஸ்விங்கைப் பாத்தாலும் மொதல்ல கடைசிப் பகுதியைப் பாப்பேன்.

[காட்சி: பேட் பிடிச்ச ரெண்டு கை, குளோசப்]

ஒரு குழப்பத்தை இப்பவே தீத்துக்கலாம். கிரிக்கெட்ல பேட் தரையைப் பாத்து இருக்கும், அதனால வலது கை பேட்ஸ்மேனுக்கு டாப் ஹேண்ட்னா இடது கை. சாஃப்ட்பால்ல பேட் மேல பாத்து நிக்குது, அப்போ வலது கைதான் மேல் கை, நாப் (பேட் பிடியோட நுனியில இருக்குற குமிழ்) பக்கம் இருக்குற இடது கை கீழ் கை. இடது கை ஆட்டக்காரங்க அப்படியே மாத்திக்கோங்க.

[காட்சி: பால் படுற நொடியில ஸ்விங்கை நிறுத்திக் காட்டுறோம்]

பால் படும்போது மேல் கையோட உள்ளங்கை வானத்தைப் பாக்கணும், கீழ் கையோட உள்ளங்கை தரையைப் பாக்கணும். முக்கியமானது என்னன்னா, பால் கிளம்புன பிறகும் கொஞ்ச தூரம் கை இதே நிலையில முன்னாடி போகணும், ரெண்டு முழங்கையும் நீண்டு, மேல இருந்து பாத்தா கை ரெண்டும் ஒரு கூர்மையான முக்கோணம் மாதிரி பேட்ல போய் சேரும். அதுக்கப்புறம்தான் மணிக்கட்டு உருளும், மேல் கை கீழ் கைக்கு மேல புரண்டு வரும். அதை நீங்க பண்ணவே வேண்டாம், பேட்டோட வேகமே பண்ணிடும்.

இங்கதான் கிரிக்கெட்ல இருந்து வர்றவங்க மாட்டிக்கிறாங்க. புல் ஷாட்ல பாலை கீழ வைக்க மணிக்கட்டை உருட்டணும்னு பழகி இருப்பாங்க, அங்க அது நல்ல பழக்கம், இங்க அதையே பண்ணா பேட் பாலோட தலையில ஏறி உருண்டுடும், பால் தரையோட ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்) கைக்குப் போகும், நீங்க மொதல்ல ஓடி சேர வேண்டிய ஃபர்ஸ்ட் பேஸ் 60 அடிதான்னாலும் நீங்க ஓடி சேர்றதுக்குள்ள த்ரோ வந்துடும். திரும்பத் திரும்ப அதே பக்கம் கிரவுண்டரா, தரையோட உருண்டு, போகுதா, உங்க மணிக்கட்டு சீக்கிரமே உருளுதான்னு மொதல்ல சந்தேகப்படுங்க.

இன்னொரு தப்பு, பால் பட்டதும் கையை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்குறது. பால் இருக்குற இடத்துலயே நிறுத்தணும்னு மனசுல இருந்தா உடம்பு அதுக்கு முன்னாடியே பிரேக் போட ஆரம்பிச்சிடும், அதனால பட்ட நொடியிலயே வேகம் குறைஞ்சிருக்கும்.

முடிவுல கை முன் தோள்பட்டை, அதாவது பால் வர்ற பக்கம் இருக்குற தோள், பக்கத்துல வந்து நிக்கும். சரியா எந்த உயரம்னு ரொம்ப யோசிக்காதீங்க, தாழ்வா வந்த பாலுக்கும் உயரமா வந்த பாலுக்கும் அது மாறத்தான் செய்யும், மாறலன்னாதான் ஏதோ பிரச்சினை.

ஒரு கையில முடிக்கிறதா ரெண்டு கையிலயா? ரெண்டுமே சரி. மேல் கையை விடுறதா இருந்தா கை முழுசா நீண்ட பிறகு விடுங்க, அதுக்கு முன்னாடி விட்டா பாலை அடிக்கிறதே ஒத்தைக் கைதான். தோள் இறுக்கமா இருக்குறவங்களுக்கு விடுறது சுலபமா இருக்கும். கீழ் கை மட்டும் பேட்டை விடவே கூடாது, பறந்து போற பேட் யார் மேல வேணா விழும்.

[காட்சி: ரெண்டு டீ, ஒண்ணுக்கு முன்னாடி ஒண்ணு]

பயிற்சிக்கு ரெண்டு டீ, அதாவது பாலை மேல வெச்சு அடிக்கிற ஸ்டாண்டு, போதும். முதல் டீக்கு நேர் முன்னாடி, பிட்ச்சர் (பால் போடுறவர்) பக்கமா, ஒன்றரை அடி தள்ளி அதே உயரத்துல இன்னொண்ணு வைங்க, முதல் பாலை அடிச்ச அதே ஸ்விங்ல ரெண்டாவதையும் தட்டப் பாருங்க. மணிக்கட்டு சீக்கிரம் உருண்டா ரெண்டாவது பால் அசையாம அப்படியே உக்காந்திருக்கும். போன்ல ஸ்லோ மோஷன் எடுத்தா, 240 ஃப்ரேம்ல கூட ஒரு ஃப்ரேமுக்கு 4 மில்லிசெகண்ட் ஆகுது, பால் படுற நொடியே சிக்காம போகலாம், அதைத் தேடாம அடுத்து வர்ற சில ஃப்ரேம்ல உள்ளங்கை எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாருங்க.

கடைசியா ஒரு விஷயம். கீழ் கையில, சுண்டுவிரலுக்குக் கீழ இருக்குற மேட்டுல வலி இருந்தா தாங்கிட்டு ஆடாதீங்க. நாப் அழுத்துற இடம் அதுதான், அங்க ஹேமேட்னு ஒரு எலும்பு, அதுல கொக்கி மாதிரி நீட்டிட்டு இருக்குற பகுதி பேட் பிடிக்கிறவங்களுக்கு உடையறது உண்டு. சாதாரண எக்ஸ்ரேல அது தெரியாமலே போகலாம், அதனால டாக்டர்கிட்ட போகும்போது பேட் பிடிச்சு ஆடுறவங்கன்னு மறக்காம சொல்லிடுங்க.